வீட்டிலேயே சவரச் சாமான்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஷேவிங் சோப்பு, பிரஷ், படிகாரம், கத்தி தீட்டும் தோல் வார் என்று பலர் பலவிதமாகக் கேட்டிருந்தீர்கள். சோப்பைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள், அதனால் அதற்கு மட்டும் பதில் நீளும்.

அண்ணா, தேங்காய் எண்ணெயில் குளியல் சோப்பு செய்து பழக்கம். அதையே முகத்தில் குழைத்தால் பாதிச் சவரத்திலேயே நுரை அடங்கிவிடுகிறது. என்ன சேர்க்க வேண்டும்?

தேங்காய் எண்ணெய் சோப்பு பெரிய குமிழாகப் பொங்கும், சீக்கிரம் உடையும். சவரத்துக்கு வேண்டியது சின்னச் சின்னக் குமிழ்கள் நெருங்கி நிற்கிற கெட்டி நுரை. அதைத் தருவது ஸ்டியரிக் அமிலம். மெழுகுவத்தி செய்பவர்கள் வாங்கும் அதே வெள்ளைச் செதில்தான். இன்னொன்று, எண்ணெயைச் சோப்பாக்கும் காரமாகக் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) மட்டும் போட்டால் சோப்பு கல்லாக இறுகிவிடும், பிரஷில் ஏறாது. காஸ்டிக் பொட்டாஷும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சேர்ந்தால்தான் தண்ணீரில் சட்டென்று கரையும்.

நான் சொல்லும் அளவு இது: ஸ்டியரிக் அமிலம் 250 கிராம், தேங்காய் எண்ணெய் 100, ஷியா வெண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50. காரத்துக்கு 90 சதவீதத் தூய்மையுள்ள காஸ்டிக் பொட்டாஷ் 64 கிராம், காஸ்டிக் சோடா 27 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 200 கிராம். இதில் சுமார் 6 சதவீதக் கொழுப்பு சோப்பாக மாறாமல் மிச்சம் நிற்கும், அது தோலுக்கு நல்லது. ஒரு எண்ணெயை மாற்றினாலும் கார அளவு மாறும். இணையத்தில் கிடைக்கும் சோப்புக் கணக்குப்பொறியில் மறுபடி போட்டுப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

கொழுப்புகளை 75 டிகிரி வரை சூடாக்கி உருக்கி, இரண்டு காரத்தையும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்த காரக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்றிய உடனே கலவை கட்டியாகும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஸ்டியரிக் அமிலம் காரத்தைக் கண்டதும் சோப்பாகிவிடும், அதன் குணம் அது. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டுக் கிளறினால் பிசைந்த உருளைக்கிழங்கு மாதிரி இளகி வரும். இறக்கும்போது கிளிசரின் 25 கிராம் சேர்த்து டப்பாவில் அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டால் நுரை இன்னும் நன்றாக வரும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் சார். காஸ்டிக் என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள், முடியாவிட்டால் செய்யவே வேண்டாம். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்துப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் போதும். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் குழாயைத் திறந்து 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் தெறித்தால் அப்படியே கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். எந்த சோப்பும் நுரைப்பதில்லை.

சோப்பைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடுகின்றன. ஒரு சவரத்துக்கு அரை டம்ளர் தண்ணீர் போதும், அதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ எடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு சோடியம் சிட்ரேட் 10 கிராம் சேர்ப்பதும் உதவும். நுரைக்காததற்கு ஆளுக்கு ஆள் புதுப்புது சோப்பு வாங்கிக் காசைக் கரைப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

பிரஷுக்குத் தேங்காய் நாரைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். முகத்தைக் கீறிவிடும். முடிக்கற்றையை மட்டும் செயற்கை இழையில் வாங்குங்கள், 24 மில்லிமீட்டர் விட்டம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். பிடியைத்தான் நாம் செய்யலாம். பக்கத்துக் கடைசல் பட்டறையில் தேக்குத் துண்டைக் கொடுத்தால் கடைந்து, குழியும் போட்டுத் தருவார்கள். குழியின் ஆழம்தான் முக்கியம். முடி வெளியே 50 மில்லிமீட்டர் அளவு நிற்கும்படி வைத்தால் விறைப்பாக இருக்கும், கெட்டி சோப்பையும் அள்ளும். இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி பசையில் ஒட்டுங்கள். குழியின் உள்சுவரிலும் பசையைப் பூசிவிட்டால் மரம் ஈரம் குடித்து வெடிக்காது.

ஆஃப்டர்ஷேவுக்கு எலுமிச்சைச் சாறும் பன்னீரும் கலக்கலாம் என்கிறார்களே, தம்பி?

பன்னீர் சரி, எலுமிச்சை வேண்டாம் ஐயா. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருக்கும், கொப்புளம்கூட வரும். நூறு மில்லி பன்னீரில் ஒரு டீஸ்பூன் கிளிசரின் கலந்தால் போதும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கற்றாழை சேர்ப்பதானால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவுங்கள், அதுதான் அரிக்கும்.

படிகாரக் கல் கூர்மையாக இருக்கிறது. எப்படி வழவழப்பாக்குவது?

ஓடும் தண்ணீரில் கருங்கல்லில் தேயுங்கள், கரைந்து உருண்டுவிடும். அப்புறம் ஒரு உபயோகம்: சோப்பு வழுக்கும்போது விரல் நுனியில் படிகாரத்தைத் தடவிக்கொண்டால் தோலை இழுத்துப் பிடிக்க நல்ல பிடிப்பு வரும்.

பழைய பெல்ட்டில் சவரக் கத்தி தீட்டலாமா அண்ணா?

மேலே பெயின்ட் பூசிய பெல்ட் உதவாது. பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் ஊரில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலம் உண்டு, இன்றும் திண்டுக்கல், ஈரோடு பக்கம் தாவரப் பதனீட்டுத் தோல் கிடைக்கிறது. இரண்டங்குல அகலம், ஒன்றரை அடி நீளம் போதும். கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் விளிம்பு பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே தோல் கிழியும்.

தேய்ந்த பிளேடுகளை என்ன செய்வது?

மூடியைத் திறக்க முடியாதபடி பசையால் ஒட்டிய தகர டப்பாவில் 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளுங்கள். குப்பைப் பையில் சும்மா போட்டால் தூய்மைப் பணியாளரின் கைதான் கிழிபடும். டப்பா நிறைந்ததும் கீறலை டேப்பால் மூடி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.