பொய்யைத் திருத்துங்கள், பெரியவரை விட்டுவிடுங்கள்

கேள்வி: எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர் ஒருவர், பக்கத்துச் சபைப் போதகரைப் பற்றிக் கேவலமான ஒரு ஃபார்வர்டு போட்டார். அது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "இந்த வயதில் இப்படிப் பொய் பரப்பலாமா?" என்று குழுவிலேயே கேட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா?

பதில்: இல்லை சகோதரி. ஒருவர் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பது அன்பு ஆகாது. 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பொய்யை ஃபார்வர்டு செய்வதும் அந்தச் சாட்சியில் பங்கெடுப்பதுதான். நீங்கள் பேசியது சரி. பேசிய விதம்தான் காரியத்தைக் கெடுத்தது.

உங்கள் கேள்வி அவருடைய வயதையும் குணத்தையும் தொட்டுவிட்டது. அத்தனை பேர் பார்க்கும் இடத்தில் அப்படிக் கேட்டால், எவரும் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். செய்தி மெய்யா பொய்யா என்ற பேச்சு அதோடு போயிற்று.

அந்தச் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அதைக் காட்டும். இருந்தால், எழுதியது அவர் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான். இது தெரிந்தாலே நம் கோபம் பாதி இறங்கிவிடும்.

இனி ஃபோனை எடுத்துப் பேசுங்கள். 'நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து' என்று மத்தேயு 18:15 சொல்வது வாட்ஸ்அப் காலத்துக்கும் பொருந்தும். "அங்கிள், அந்தச் செய்தி உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அப்புறம் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். போட்டு இரண்டு நாள் ஆகவில்லை என்றால் அவரே அதை எல்லோருக்கும் நீக்கிவிடலாம்.

ஆனால் தனியாகப் பேசியதோடு வேலை முடியாது. பொய்யைக் குழுவே படித்திருக்கிறது, சிலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். அதனால் குழுவில் இரண்டே வரி போடுங்கள்: "போதகரைப் பற்றி வந்த செய்தி உண்மையல்ல. தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்." போட்டவர் பெயர் அதில் வேண்டாம்.

அவரைக் குத்துவதற்காக ஒரு வசனத்தையும் கீழே ஒட்டாதீர்கள். நம் சபைக் குழுக்களில் இந்தப் பழக்கம் பெருகிவிட்டது. எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கிறது. 'மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்' என்ற நீதிமொழிகள் 15:1, பதில் எழுத உட்காருகிறவருக்கு உரியது. எதிராளிக்கு அனுப்பினால் அதுவே கடுஞ்சொல்லாகிவிடும்.

குழுவில் சொன்ன வார்த்தைக்குக் குழுவிலேயே மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். "அங்கிள், உங்கள் வயதைச் சொல்லிப் பேசியது தவறு, மன்னியுங்கள்." அவ்வளவு போதும். "ஆனால் நீங்களும்..." என்று தொடங்கினால் கேட்ட மன்னிப்பு வீணாகிவிடும்.

இதற்குப் பிறகும் அவரோ வேறு யாராவதோ உங்களுக்குத் தனியாக ஏசி எழுதினால், பொறுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கிறிஸ்தவ அன்பு உங்களைக் கட்டாயப்படுத்தாது. மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடுக்காதே என்று நீதிமொழிகள் 26:4-இல் இருக்கிறது. பதில் எழுதாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். அதை உங்கள் ஆயரிடம் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.