அல்ட்ராசவுண்ட் வைத்து ஈறு தடிமனை அளக்க முடியுமா? வலிக்குமா?

முடியும். வலிக்காது. இதைக் கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கோ பிள்ளைக்கோ பல்லுக்கு க்ளிப் போடப் போகிறீர்கள், டாக்டர் "ஈறு மெலிசா இருக்கு" என்று சொல்லியிருப்பார். க்ளிப் போட்ட பிறகு கேட்கிறீர்கள் என்றால் நீங்களும் என் கட்சி.

நான் கோத்தகிரி. இருபத்தாறு வயதில் க்ளிப் போட்டவள். கல்யாணத்துக்குள் பல் உள்ளே போயாக வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். எக்ஸ்ரே எடுத்தார்கள், அச்சு எடுத்தார்கள், அட்வான்ஸ் வாங்கினார்கள்; ஈறைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கழற்றிய மறு வருடம் டிசம்பர் காலை, குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். சுரீர் என்று மண்டை வரை ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் கீழ்வரிசை முன்பல் ஒன்று மட்டும் ஈறு இறங்கி நீளமாகி, அடியில் மஞ்சளாகத் தெரிகிறது.

க்ளிப்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அழுத்தித் தேய்க்கிற கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு. பல் டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

குன்னூரில் பார்த்த டாக்டர் முதலில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு போட்ட கம்பியை விட்டார். கம்பி ஈறு வழியாக நிழலாகத் தெரிந்தது. தெரிந்தாலே மெலிசுதானாம். அப்புறம் மரத்துப்போக மருந்து போட்டு, ரப்பர் வளையம் மாட்டிய ஊசியைப் பல்லில் தட்டும் வரை ஈறில் இறக்கி, வளையம் நின்ற இடத்தை அளந்தார். 0.6 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிசுக் கணக்கு. குத்தியது தெரியவே இல்லை. மரத்த வாயோடு பஸ் ஸ்டாண்டில் டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்று, உதட்டைச் சேர்த்துக் கடித்ததுதான் இரவெல்லாம் வலித்தது.

மற்ற பற்களையும் பார்க்கக் கோவையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கேதான் அல்ட்ராசவுண்ட். பேனா மாதிரி ஒன்று. நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது என்று ஈறை ஈரமாக்கி நுனியை ஒட்டினாற்போல் வைத்தார்கள். ஒலி ஈறைக் கடந்து பல்லில் மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் கணக்கு. 1 மில்லிமீட்டர் போய்வர நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம் ஆகும். அதே முன்பல்லுக்கு 0.7 வந்தது. ஆனால் கடைவாய்ப் பக்கம் நுனி சரியாக உட்காரவில்லை, கொஞ்சம் சாய்த்தால் எண் மாறுகிறது, மூன்று தடவை வைத்தார்கள். உங்கள் டாக்டரிடம் அந்தக் கருவி இல்லையென்றால் கம்பியையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், க்ளிப்புக்கு முன்னால்.

கோவை போய்த் திரும்பியது மே மாதம். ஊட்டி சீசன் என்று மலை ஏற குன்னூர் ரோடு, இறங்க கோத்தகிரி ரோடு என்று ஒருவழியாக்கிவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் ஊர் நேர் ரோட்டில் முப்பது சொச்சம் கிலோமீட்டர். டிஎன் 43, நீலகிரி வண்டி, இந்த ஊர்க்காரி என்று சொல்லியும் பர்லியாறு, குன்னூர் என்று சுற்றிப் போகச் சொன்னார்கள். முன்னால் ஒரு வண்டியில் ஜன்னல் வழியே உடம்பை வெளியே விட்டு செல்ஃபி. வீடு சேர ஒன்பதரை. இது பல்லுக்குச் சம்பந்தமில்லைதான்.

அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டு வைத்தாயிற்று. வலித்தது அதுதான்; அதை யாராவது தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.