ஆசிரியர் பதில்: பட்டியல் தருவது பரிந்துரை ஆகுமா?

கேள்வி: கடந்த பத்து ஆண்டுகளாக நல்ல பாடல்கள், படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், கணினி விளையாட்டுகள் என்று தேடித்தேடி நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சொல்லி வருகிறேன். ஒருவரும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. எங்கள் சனத்துக்கு ரசனை கிடையாது என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். கவனிக்கப்படாத 43 படைப்புகளின் பட்டியல் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை வெளியிட்டு, உங்கள் பங்குக்கும் சிலவற்றைச் சேர்ப்பீர்களா?
– கொக்குவில் வாசகர்

பதில்: உங்கள் பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். அதை வெளியிடப் போவதில்லை; இடம் போதாது என்பது காரணமன்று. 43 பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் ஒன்றின் பக்கத்திலாவது, அது எதைப் பற்றியது, எத்தனை மணித்தியாலம் ஓடும், எந்த மொழியில் உள்ளது, எங்கே கிடைக்கும், எப்படிப்பட்டவருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. மருந்துக் கடையின் இருப்புப் புத்தகத்தை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் குணமாகவில்லை என்று நீங்கள் கோபித்துக்கொள்கிறீர்கள். இந்தப் பட்டியலிலிருந்து நான் அறிந்துகொண்டது, நீங்கள் நிறையப் பார்த்திருக்கிறீர்கள் என்பதை மட்டுமே. உங்கள் மைத்துனரும் அதைத்தான் அறிந்துகொண்டிருப்பார். அறிந்துகொண்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

சனத்துக்கு ரசனை கிடையாது என்கிறீர்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் இது. ரி.வி., வீடியோ கசட் போடும் டெக், ஜெனரேற்றர் ஆகிய மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாம் காசு சேர்த்து, ஒரே இரவில் மூன்று படங்கள் போட்ட காலம் அது. ஜெனரேற்றரை ஓட்டிய மண்ணெண்ணெய் அப்போது எவ்வளவு அருமையான பொருளாக இருந்தது என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையில் படங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு என் பெரியம்மாவின் மகனிடம் இருந்தது. அண்ணா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலாவதாக, எல்லாரும் கேட்ட புதுப் படத்தைப் போடுவார். மூன்றாவது ஒரு சண்டைப் படமாக இருக்கும். பெரியவர்கள் நித்திரையாகிவிட, பெடியங்கள் மட்டும் விழித்திருந்து பார்ப்பார்கள். எவரும் கேள்விப்பட்டிராத படத்தை, தான் எங்கோ பார்த்து மனத்தில் வைத்திருந்த படத்தை, அண்ணா நடுவில் போடுவார். எல்லாரும் தேநீர் குடித்து முடித்து, குழந்தைகள் மடியில் உறங்கி, பெரியவர்கள் இன்னும் களைத்துப்போகாத நேரம் அது. போடுவதற்கு முன் எழுந்து நின்று, “இதிலை பாட்டு இல்லை. முதல் அரை மணித்தியாலம் கொஞ்சம் ஆறுதலாய்த்தான் போகும். அதுக்குப் பிறகு ஒருத்தரும் எழும்ப மாட்டியள்” என்று சொல்லுவார்.

அவர் சொன்னபடி நடக்காத இரவுகளும் உண்டு. அப்படியானால் மறுநாள் காலை கிணற்றடியில் பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். எரிந்துபோன மண்ணெண்ணெய்க்குக் கணக்குக் கேட்பார்கள். அடுத்த தடவை அவர் இன்னும் கவனமாகத் தெரிவு செய்வார். பரிந்துரைத்தவருக்கும் அதில் இழப்பதற்கு ஏதோ இருந்தது என்பதையே நான் சொல்ல வருகிறேன். படத்தின் குறையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதும், பார்ப்பவரின் களைப்பைக் கணக்கில் எடுத்ததும், தானும் பக்கத்தில் பாயில் இருந்து மூன்றாம் தடவையாக அதே படத்தைப் பார்த்ததும் அதனால்தான். வட்ஸ்அப்பில் ஒரு பெயரை அனுப்பிவிட்டு, பார்த்தாயிற்றா என்று இரண்டு கிழமைக்குப் பின் கேட்கிறவருக்கு எரிய ஒரு துளி எண்ணெயும் இல்லை.

அடுத்து, ‘கவனிக்கப்படாத’ என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். கவனிக்காமல் விட்டவர் யார் என்பதை மறைத்துவிடுகிற வசதி இந்தச் செயப்பாட்டு வினைக்கு உண்டு. உங்கள் பட்டியலில் முதலாவதாக இருக்கும் ‘பொன்மணி’யையே எடுத்துக்கொள்வோம். சிங்களவரான தர்மசேன பத்திராஜ, பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், காவலூர் இராசதுரையின் எழுத்தில் இயக்கி, 1977இல் வெளிவந்த படம் அது. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் சீதனமும் சாதியும் பெண்பிள்ளைகளின் வாழ்க்கையை என்ன செய்கின்றன என்பதை, எங்கள் மண்ணிலேயே வைத்து, குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்கள். அதை ஒதுக்கியது கொழும்பும் அல்ல, சென்னையும் அல்ல. எங்கள் தியேட்டர்களில் வரிசையில் நின்று ரிக்கெற் எடுத்த எங்கள் பெற்றோரே. தமிழகப் படங்களின் வேகத்துக்கும் பாட்டுக்கும் பழகியிருந்த கண்ணுக்கு அது மெதுவாகப் பட்டது. தங்கள் வீட்டு விறாந்தையைத் திரையில் காண்பதற்குக் காசு கொடுப்பானேன் என்றும் சிலர் எண்ணியிருக்கலாம். ஆகவே இந்தப் படத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போது, ‘உலகம் கவனிக்கத் தவறிய காவியம்’ என்று தொடங்காமல், ‘எங்கள் அம்மா ஆட்கள் பார்க்க விரும்பாத படம், ஏன் விரும்பவில்லை என்று பார்ப்போமா’ என்று தொடங்கினால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பார்க்கவே கிடைக்காத படத்தையும் கவனிக்கப்படாத படத்தையும் நீங்கள் ஒன்றாகக் கட்டியிருப்பது இன்னொரு குழப்பம். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைத் திரைப்படங்கள் பலவற்றின் மூலப் பிரதிகள் அழிந்தன. பிரதியே இல்லாத படத்தைப் பார்க்கவில்லை என்று உங்கள் மைத்துனரைக் குறை சொல்வது அநியாயம். பட்டியலில் உள்ள ஆறு பெயர்களை நான் தேடிப் பார்த்தேன், எங்கும் அகப்படவில்லை. உங்களிடம் பழைய வீடியோ கசட் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆறையும் எடுத்துவிட்டிருக்க வேண்டும். பட்டியலில் ‘சின்ன மாமியே’ பாடலும் இருக்கிறது! நித்தி கனகரத்தினத்தின் அந்தப் பாட்டைக் கைதட்டிப் பாடாத சுற்றுலா பஸ் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. 9ஆம், 22ஆம் இலக்கங்களைப் பொறுத்தவரை, சனம் அவற்றைக் கவனிக்காமல் விட்டது நியாயமே என்று மட்டும் சொல்லி அப்பால் போகிறேன்.

உங்களிடம் மட்டுமன்றி என்னிடமும், இந்த ஊரில் எழுதுகிற எல்லாரிடமும் உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் பரிந்துரைகள் பெரும்பாலும் ‘எங்கட பெடியங்கள் எடுத்த படம், ஆதரவு குடுங்கோ’ என்ற வடிவில் வருகின்றன. கோயில் திருவிழாவுக்கு உபயம் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கேட்கப்பட்டவர் முகதாட்சண்யத்துக்காக வருவார், கைதட்டுவார், வெளியே வந்து செருப்பைப் போடும்போதே மறந்துவிடுவார். படத்தில் பேசிய வசனம் பாதி விளங்கவில்லை என்பதை இயக்குநரிடம் எவரும் சொல்லமாட்டார்கள். அடுத்த படத்திலும் வசனம் விளங்காது. கடமை என்று சொல்லிக் கொடுத்த எதையும் எவரும் ஆசையோடு வாங்கியதில்லை. இந்தப் பக்கத்திலேயே நான் சென்ற ஆண்டுகளில் அவ்வாறு எழுதிய குறிப்புகள் சில உண்டு. அவற்றை இப்போது வாசிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கச் சொன்னீர்கள். பட்டியலாகச் சேர்க்க மாட்டேன். யாருக்கு எதைச் சொன்னேன் என்பதைச் சொல்கிறேன். என் மருமகன் ஒருவன் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிறான். தவில் என்றால் காதைப் பொத்துகிற ஓசை என்பது அவனுடைய எண்ணம். 1975இல் இளவயதிலேயே மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த நல்ல ஆவணப்படம் ஒன்று உண்டு. அதற்கு இந்தியாவில் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் நான் அதை அவனுக்கு அனுப்பவில்லை. மேதை, விருது, ஆவணப்படம் என்ற மூன்று சொற்களில் எதைக் கேட்டாலும் 20 வயதுப் பெடியன் ஓடிவிடுவான். ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து தனியாவர்த்தனத்தின், அதாவது தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியின், சில நிமிடங்களை மட்டும் அனுப்பி, ‘இந்த இடத்தில் கணக்கு எப்படிப் போகிறது என்று எண்ணிச் சொல்லு, எனக்குப் பிடிபடவில்லை’ என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே பிடிபடவில்லை. இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள், “மாமா, ஆர் இந்த ஆள்?” என்று கேட்டு வந்தான். ஆவணப்படத்தை அன்றைக்குத்தான் கொடுத்தேன்.

கனடாவில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு கணினி விளையாட்டைச் சொன்னேன். அவர் வாழ்க்கையில் விளையாடிய முதலாவது விளையாட்டு அதுவே. ‘வெண்பா’ என்பது பெயர். ரொறன்ரோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, பழுதடைந்துபோன தன் தாயின் சமையற் குறிப்புகளை வைத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களை ஊகித்துச் சமைக்கிறாள். தமிழை விட்டு விலகிப்போகும் மகன் பக்கத்தில் வளர்கிறான். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருது பெற்ற இதைக் கவனிக்கப்படாதது என்று உலகத்தில் எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மகன் தமிழில் பதில் சொல்லாத வீட்டில் இருக்கும் என் அக்காவின் கண்ணில் அது பட்டிருக்கவில்லை. எனக்கு அது போதும். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்றும், விசைகளை மகன் காட்டித் தருவான் என்றும், அதில் வருவது குழல் புட்டு, நீத்துப்பெட்டியில் அவிக்கும் எங்கள் புட்டு அன்று என்றும் முன்னரே சொல்லி வைத்தேன். கடைசியைச் சொல்லாமல் விட்டிருந்தால் அக்கா அந்த இடத்திலேயே நின்று சண்டை பிடித்திருப்பார்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. 80 அத்தியாயங்கள் உள்ள தொடர் ஒன்றைப் பரிந்துரைப்பது, ஒருவரிடம் இரண்டு மாதத்து இரவுகளைக் கடனாகக் கேட்பது. அவ்வளவு உரிமை உங்களுக்கு எவரிடம் இருக்கிறதோ அவரிடம் மட்டும் கேளுங்கள். அப்போதும் முதல் அத்தியாயத்தைச் சேர்ந்திருந்து பாருங்கள். படங்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் நாளொன்றில், மைத்துனரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், ஒரேயொரு படத்துக்கு மட்டும் பக்கத்தில் இருத்துங்கள். படம் சரியில்லையென்றால் திரும்பும் வழியில் ரோல்ஸ் வாங்கிக் கொடுக்கவேண்டியது உங்கள் பொறுப்பு.

உங்கள் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் 31ஆம் இலக்கத்தின் கீழ் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தப் பாடற்றொகுப்பை நான் கேள்விப்பட்டதே இல்லை. பெயர் நன்றாக இருக்கிறது. எனக்கு 50 வயது தாண்டிவிட்டது, இரவில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருந்து எதையும் கேட்க முடியாது, காதைக் குத்துகிற சத்தம் ஒத்துவராது. இவற்றைத் தெரிந்துகொண்டபின்பும் அது எனக்குச் சரிவரும் என்று நினைத்தால், எந்தப் பாட்டில் தொடங்கவேண்டும், அது எங்கே கிடைக்கும் என்று ஒரு பந்தி எழுதி அனுப்புங்கள். கேட்டுவிட்டு, பிடித்ததா இல்லையா என்பதை அடுத்த இதழில் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.