மனச்சோர்வு மாத்திரையை முதன்முறையாகத் தொடங்குகிறேன். எப்படி எடுத்துக்கொள்வது, என்ன எதிர்பார்க்கலாம்?

எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எடுத்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

இந்த மாத்திரைகளில் தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால்தான் வரும். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்றவற்றைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே குமட்டல், தலைவலி, வாய் வறட்சி, தூக்கக்கேடு, இனம்புரியாத படபடப்பு எல்லாம் தலைகாட்டலாம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். மனம் தேறத் தொடங்கவோ 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பலர் ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரையை ஓரங்கட்டிவிடுகிறார்கள். எனக்கும் தொடக்கம் கடினமாகவே இருந்தது. இப்படி இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. தேறியபோதும் மகிழ்ச்சி ஒன்றும் பொங்கிவரவில்லை. எழுந்து குளிப்பது மலையைப் புரட்டுவதுபோல் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அந்தச் சின்ன மாற்றத்தைக் கவனியுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது. குமட்டினால் சாப்பிட்டபின் எடுக்கலாம். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, தற்கொலை எண்ணம் தோன்றலாம், அல்லது முன்பே இருந்தது கூடலாம். 2004-இல் சிறார்களுக்காக இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. அப்படி ஓர் எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிவைப்பது மிக அவசியம். மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகம் வந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிராமடோல் வலிமாத்திரை சேரும்போது செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுமீறிப்போய்க் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம்; வந்தால் உடனே மருத்துவமனைதான். மதுவைத் தவிர்த்துவிடுங்கள்.

நலமாகிவிட்டது என்று தோன்றும் நாளில் நிறுத்திவிடாதீர்கள். தேறியபின்னும் குறைந்தது 6 மாதங்கள் தொடரச் சொல்வது வழக்கம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு ஏற்படலாம். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டிலும் இது அதிகம். போதைப்பழக்கத்தில் வரும் ஏக்கம் அல்ல இது. மருந்துக்குப் பழகிய உடல் காட்டும் எதிர்வினை. படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் சிரமமின்றி வெளிவரலாம். கருவுற்றால்கூடத் தானாக நிறுத்தாமல் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கூச்சத்தால் பலர் மறைக்கும் ஒன்று, பாலுறவில் ஆர்வம் குறைவது. இது அடிக்கடி நேர்வதுதான், தானாகச் சரியாகாமலும் போகலாம். அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ வழி இருக்கிறது. மருத்துவரிடம் நேரடியாகவே சொல்லுங்கள்.