தனியாளுக்கு எதற்கு அரண்மனை?

கேள்வி: வீடு கட்டி ஆட்களைக் குடிவைத்து விளையாடும் சிம்ஸ் 4 வீடியோ கேமில் புது ஊர் அமைக்கப் போகிறேன். எல்லாக் குடும்பத்துக்கும் 64×64 கட்டங்கள் கொண்ட மனையே கொடுத்துவிடலாமா?

பதில்: ஆசை பெரிசுதான்! ஆனால் இந்த விளையாட்டில் மனையின் அளவையும் சாலையையும் நம்மால் மாற்ற முடியாது. வீடா, பூங்காவா, நூலகமா என்ற வகையை மட்டும் மாற்றலாம். விளையாட்டில் உள்ள, 15 காலி மனைகள் கொண்ட நியூகிரெஸ்ட் என்ற ஊரில் தொடங்குங்கள். நான் ஒருமுறை தனியாள் ஒருவரை 64×64-இல் குடிவைத்தேன். தோட்டத்துக் கடைசியிலிருந்து கழிப்பறைக்கு ஓடிவருவதற்குள், பாவம், வழியிலேயே ஆகிவிட்டது! தனியாளுக்கு 20×15 தாராளம். நான்கைந்து பேர் என்றால் மாடி போட்டு 30×20. ஆகப் பெரியதைப் பூங்காவாக்குங்கள். அப்புறம், பெரிய மனைக்குக் கட்டிச் சேமித்த வீட்டைச் சின்ன மனையில் வைக்கப் பார்க்காதீர்கள், பொருந்தாது.