தாலாட்டில் ஏன் அரளிப்பூ?

கேள்வி: முதுகலைத் தமிழ் படிக்கிறேன். அமைப்பியல், மார்க்சியம், பெண்ணியம் என்று வகுப்பில் வரிசையாக நடத்துகிறார்கள். ஆய்வேட்டுக்குச் செட்டிநாட்டுத் தாலாட்டுகளை எடுத்திருக்கிறேன். எந்தக் கோட்பாட்டைப் பொருத்துவது?
- ஒரு மாணவி, தேவகோட்டை

பதில்: பொருத்துகிற எண்ணத்தையே விடுங்கள் அம்மா. கோட்பாட்டை முதலிலேயே முடிவு செய்துவிட்டால், பாட்டு அதற்குச் சாட்சி சொல்ல வந்த ஆள் மாதிரி ஆகிவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த தாலாட்டையே எடுத்துக்கொள்வோம். யார் அடித்து அழுகிறாய் என்று குழந்தையைக் கேட்கிறாள் தாய். மாமன் அடித்தது மல்லிகைப்பூச் செண்டாலா, அத்தை அடித்தது அரளிப்பூச் செண்டாலா? முதலில் காதால் கேளுங்கள். மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி: மோனை. சரி, மோனைதான் காரணம் என்றால் அல்லியும் பொருந்துமே? விஷச் செடியின் பூ ஏன் வந்தது? இப்படிச் சொல்லிலேயே நின்று படிக்கப் பழக்கியவர் ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்களைக் கருத்து எழுதச் சொன்னார். 1929இல் அது நூலானது.

இனி கோட்பாட்டுக்கு வேலை இருக்கிறது. மாமன் தாயின் உடன்பிறந்தான். அத்தை அவளுக்கு நாத்தனார். இந்தப் பக்கம் பிறந்த வீடு, அந்தப் பக்கம் புகுந்த வீடு. இந்த எதிர்நிலையைத் தேடுவது அமைப்பியல். நாத்தனாரிடம் நேரில் சொல்ல முடியாததைத் தொட்டிலருகே பாடிவிட்டாளா என்று கேட்பது பெண்ணியம். எனக்கு நெருக்கமான கேள்வி இதுதான். ஆனாலும் அரளி சாமிக்குச் சூட்டுகிற பூவும்கூட. வசதிக்காக அதை மறைத்து எழுதிவிடாதீர்கள்.

மார்க்சியம் வேறொரு இடத்தில் கைகொடுக்கும். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன சீமை இது. தாலாட்டில் வரும் பொன் தொட்டிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அதை ஆட்டியது தாயா, வேலைக்கு வந்த பெண்ணா? இலங்கையின் மார்க்சியத் திறனாய்வாளர் கைலாசபதியைப் படியுங்கள், பாட்டையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வரும்.

எழுதியவரின் நோக்கத்தை ஒதுக்கிவிட்டுப் படிக்கச் சொல்லும் ரொலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' (1967) கட்டுரைப் பக்கம் அதிகம் நிற்க வேண்டாம். தாலாட்டுக்கு ஆசிரியர் பெயரே கிடையாது; பாடுகிறவரைப் பொறுத்து வரி மாறும். அதனால் இதே பாட்டை உங்கள் அப்பத்தாவிடமும், தெருவில் உள்ள மற்ற ஆச்சிகளிடமும் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அரளி எல்லோரிடமும் வருகிறதா பாருங்கள். அப்புறம், யார் யார் நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள் என்றும் மெதுவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.