செதுக்கியவர் பெயர் எங்கே?

அன்புள்ள ஐயா,
ஜெர்மானிய எழுத்தாளர் பெக்ஸ்டைனின் தேவதைக் கதைகளுக்கு லுட்விக் ரிக்டர் செதுக்கிய படங்களைப் பார்த்தேன். பேனாக் கோடு மாதிரி அத்தனை மெல்லிசாக மரத்தில் எப்படி வருகிறது? மகளோடு லினோலியத்தில் (தரைவிரிப்புக்குப் பயன்படும் மெத்தென்ற தாள்) முயன்று பார்க்கலாமா? சூனியக்காரி படங்களைக் கண்டு அவள் பயப்படுவாளோ?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பயப்பட்டால் பயப்படட்டும், அதற்குத்தானே கதை. ஆனால் “ரிக்டர் செதுக்கிய” என்று எப்படி ஐயா எழுத மனம் வந்தது? 1853-இல் லைப்சிக்கில் வந்த அந்தப் புத்தகத்துக்கு ரிக்டர் வரைந்தார், அவ்வளவுதான். அவர் படங்களை மரத்தில் செதுக்கியவர்கள் வேறு: டிரெஸ்டனில் ஹூகோ பியூர்க்னர், ரிக்டரின் மருமகன் ஆகுஸ்ட் காபர், அவர்களிடம் வேலை பார்த்த பேர் தெரியாத பலர்.

ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் காலத்து (சுமார் 1500) மரவெட்டுக்குப் பலகையை நீளவாக்கில் அறுப்பார்கள். மர இழை கத்தியைத் தன் போக்கில் இழுக்கும். ரிக்டர் காலத்தில் பாக்ஸ் என்ற கெட்டி மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, மெல்லிசாக வெள்ளை பூசி, அதன்மேல் படம் வரைந்தார்கள். அந்த முகத்தில் கூருளி எந்தப் பக்கமும் ஓடும். கட்டைக்கு அடியில் மணல் அடைத்த தோல் தலையணை; வளைகோடு வந்தால் கையைத் திருப்பாமல் கட்டையைத் திருப்புவார்கள்.

மேடாக நிற்கும் கோட்டில்தான் மை ஏறும்; அதனால் உளி எடுப்பது கோட்டை அல்ல, கோட்டைச் சுற்றியிருக்கும் வெள்ளையை. அடுப்படி இருட்டுக்கு ஓவியர் பத்துக் கோடு போட்டு, குறுக்கே இன்னொரு பத்து இழுக்கிறார். இருபதே இழுப்பு. செதுக்குபவருக்கோ நடுவில் 81 குட்டிக் கட்டங்கள், ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு கோடு அறுந்தால் அந்த இடத்தைத் துளைத்து, மர ஆப்பு அடித்து, தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடி செதுக்க வேண்டும். பாக்ஸ் தண்டு ஒல்லி என்பதால் பெரிய படத்துக்குத் துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பார்கள். மரம் காய்ந்து ஒட்டு விட்டால், வானத்துக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு அச்சாகும். உங்கள் பிரதியில் தேடிப் பாருங்கள்.

இத்தனை பாடு எதற்கு? 1825-இல் வந்த கிரிம் சகோதரர்கள் கதைகளின் சிறு பதிப்பில் ஏழு படங்களும் செப்புத்தகட்டில் செதுக்கியவை. அதைத் தனி அழுத்தியில், ஈரத்தாளில் அச்சடித்துப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். மரக்கட்டை அச்செழுத்தின் உயரமே இருப்பதால் எழுத்தோடு சேர்ந்து ஒரே அழுத்தில் வந்துவிடும். பெக்ஸ்டைன் கதைகளுக்கு நடுவே படம் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

லினோலியமா? தாராளமாகச் செய்யுங்கள். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிக்கொடுக்கும். உளிக்கு முன்னால் குழந்தையின் இடதுகை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமான குறுக்குக்கோடு மட்டும் வேண்டாம், பொடிந்துவிடும்.